பொத்தானில் தொடங்கிய பள்ளி

மேலே படிக்குமுன் உங்கள் சட்டைப் பொத்தான் ஒன்றைச் சற்று உற்றுப் பாருங்கள். அதில் நான்கு துளைகள் இருக்கின்றனவா? தையற்காரர் நூலை எப்படிக் கோத்திருக்கிறார்? பெருக்கல் குறிபோலக் குறுக்காகவா, அல்லது இரண்டு இணைகோடுகளாகவா? வேலையை விரைவில் முடிக்க விரும்பியவராக இருந்தால் இரண்டு துளைகளோடு நிறுத்தியிருக்கவும் கூடும். அப்போதும் பொத்தான் கழன்று விழுந்துவிடாது. அப்படியானால், நான்கு துளைப் பொத்தானை மொத்தம் எத்தனை விதமாகத் தைக்கலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தையற்காரரும் அல்லர், பேராசிரியரும் அல்லர். ருஷ்யாவில், யாரஸ்லாவ்ல் நகருக்கு அருகிலுள்ள துனோஷ்னா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஒரு சிறுவன். பிறந்தபோதே தாயை இழந்த அவனைச் சிற்றன்னைமார் வளர்த்தனர். அவர்கள் வீட்டிலேயே ஏறத்தாழப் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறு பள்ளி நடத்தி, அதற்கென ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் வெளியிட்டார்கள். 'வசந்தகாலக் குருவிகள்' என்பதுபோல் பொருள்படும் பெயர் அதற்கு. அதன் கணிதப் பகுதிக்கு இந்தச் சிறுவன்தான் 'ஆசிரியர்'! பொத்தான் கணக்கு அவன் வெளியிட்ட கணக்குகளில் ஒன்று.

நாம் விடை காண முயல்வோம். பொத்தானின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியும் நூலை மட்டும் கணக்கில் கொள்வோம். நான்கு துளைகளை இரண்டிரண்டாக இணைக்கும் கோடுகள் ஆறு: சதுரத்தின் பக்கங்கள் நான்கு, மூலைவிட்டங்கள் இரண்டு. ஒவ்வொரு கோட்டிலும் நூல் இருக்கலாம், அல்லது இல்லாமல் இருக்கலாம். ஆகவே 2×2×2×2×2×2 = 64 வகைகள். இவற்றில் ஒன்று நூலே இல்லாத பொத்தான். அதை நீக்கினால் 63. இத்துடன் கணக்கு முடிந்துவிட்டதா? இல்லை. பொத்தானைக் கால் வட்டம் திருப்பி வைத்தால், மேல் பக்கத்தில் இருந்த நூல் வலப்பக்கத்துக்கு வந்துவிடும். இவ்விரண்டையும் ஒரே தையல் என்று கொண்டால் 63 எவ்வளவாகக் குறையும்? நான்கு முறை திருப்பலாம் என்பதால் நான்கால் வகுக்கத் தோன்றும். 63 நான்கால் வகுபடாது. சரியான விடை 21. ஏன் அப்படி? பெருக்கல் குறிபோல் தைத்த பொத்தானைத் திருப்பிப் பார்த்தால் உங்களுக்குத் துப்புக் கிடைக்கும். மற்றதை நான் சொல்லப் போவதில்லை.

அதே சிறுவன் ஐந்தாறு வயதில் வேறொன்றையும் தானே கண்டுபிடித்தான். 1 = 1×1; 1+3 = 2×2; 1+3+5 = 3×3; 1+3+5+7 = 4×4. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண்ணே கிடைக்கிறது! பாடப்புத்தகத்தில் நாம் ஒரு வரியில் படித்துக் கடந்து போகும் செய்திதான். ஆனால் அதைத் தானே காண்பதில் உள்ள மகிழ்ச்சி வேறு. அந்த மகிழ்ச்சியை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

அவர்தான் அந்திரேய் நிக்கலாயெவிச் கொல்மகோரவ். 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் தம்போவ் நகரில் பிறந்தவர். நிகழ்தகவுக் கொள்கைக்கு 1933இல் உறுதியான அடித்தளம் அமைத்துக் கொடுத்தவர். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கணித மேதைகளுள் ஒருவர்.

அவருடைய முதல் ஆராய்ச்சி கணிதத்தில் அன்று, வரலாற்றில் நடந்தது என்றால் நம்புவீர்களா? மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, பழைய நவ்கரோத் நாட்டின் நில ஆவணங்களை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். வரலாற்றுப் பேராசிரியர் பக்ரூஷின் அதைப் பாராட்டிவிட்டு, "ஆனால் நீங்கள் ஒரே ஒரு நிரூபணம்தான் தந்திருக்கிறீர்கள். வரலாற்று அறிஞருக்குக் குறைந்தது ஐந்தாவது வேண்டும்" என்ற பொருள்படக் கூறினாராம். ஒரே நிரூபணம் போதுமான துறைக்கே போய்விடலாம் என்று கொல்மகோரவ் முடிவு செய்ததாக வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பத்தொன்பது வயதில், 1922இல், உலகக் கணித அறிஞர்களை வியக்கவைத்த ஒரு முடிவை அவர் கண்டறிந்தார். அதே ஆண்டில் மாஸ்கோவிலிருந்த ஒரு பள்ளியில் ஆசிரியராகவும் சேர்ந்தார்; 1925 வரை பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார்.

இப்போது ஒரே தாவலில் 1963ஆம் ஆண்டுக்கு வருவோம். கொல்மகோரவுக்கு அறுபது வயது. அடைய வேண்டிய புகழை எல்லாம் அடைந்துவிட்டார். அந்த வயதில் அவர் மறுபடியும் பள்ளி ஆசிரியரானார்!

காரணம் இதுதான். மாஸ்கோ, லெனின்கிராட் போன்ற பெருநகரங்களில் 1930களிலிருந்தே கணித ஒலிம்பியாடு போட்டிகள் நடந்துவந்தன. பல்கலைக்கழகங்களில் பள்ளி மாணவர்களுக்கான கணித வட்டங்களும் இருந்தன. அந்நகரங்களில் பிறந்த பிள்ளை மாலையில் டிராம் வண்டி ஏறினால் ஒரு கணித அறிஞரைச் சந்தித்துவிடலாம். ஆனால் தொலைதூரக் கிராமத்தில் பிறந்த பிள்ளை என்ன செய்யும்? அதற்கும் பொத்தான் கணக்குகள் தோன்றும். கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது.

முதலில் செயலில் இறங்கியது சைபீரியா. 1962இல் அங்கே ஒரு போட்டி நடத்தினார்கள். கணக்குகளை வெளியிட்டு, விடைகளை அஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். நன்றாகச் செய்தவர்களை நேரில் கண்டு பேசி, கோடைக்காலப் பள்ளிக்கு அழைத்தார்கள். 1963 ஜனவரியில் நவசிபீர்ஸ்க் அறிவியல் நகரில் இயற்பியல்-கணித விடுதிப் பள்ளி பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், மாஸ்கோ, லெனின்கிராட், கீவ், நவசிபீர்ஸ்க் ஆகிய நான்கு இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் இயங்கச் சோவியத் அரசு ஆணை பிறப்பித்தது. மாஸ்கோப் பள்ளியின் எண் 18. 1963 டிசம்பர் 2ஆம் நாள் அங்கே வகுப்புகள் தொடங்கின. முதல் விரிவுரை ஆற்றியவர் கொல்மகோரவ்.

அந்தப் பள்ளிக்குள் சற்று எட்டிப் பார்ப்போமா? மாணவர்கள் பள்ளிப் படிப்பின் கடைசி ஓரிரு ஆண்டுகளைத்தான் அங்கே கழித்தார்கள். பெரும்பாலோர் மாஸ்கோவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். பல்கலைக்கழகத்தில் போலவே முதலில் விரிவுரை. பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து கணக்குப் போடுதல். சிறு குழுக்களை நடத்தியவர்களில் பலர் அப்போதுதான் பட்டம் பெற்ற இளைஞர்கள். பாடத்தை ஒப்பிப்பதற்கு அங்கே மதிப்பில்லை. கணக்கைக் கொண்டுபோய், அதைக் கரைத்துக் குடித்து, கரும்பலகை முன் நின்று நிரூபிக்க வேண்டும். கேள்வி கேட்பவர்கள் விடமாட்டார்கள்!

கொல்மகோரவின் விரிவுரைகள் எளிதில் புரியக்கூடியவை அல்ல. எண்ணம் முன்னே ஓடும், சொல் பின்னால் வரும். பாதி வாக்கியத்தைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆசிரியருக்கு இது ஒரு குறை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தப் பள்ளியில் வகுப்பறையோடு எதுவும் முடிந்துவிடவில்லை. மாலையில் அவர் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து மாணவர்களோடு அமர்ந்து கேட்பார். இசை, கவிதை, ஓவியம் பற்றிப் பேசுவார். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, மற்ற நாட்களில் நெடும் நடைப்பயணம். நடக்கும்போதே கணக்கும் நடக்கும். இவை அப்பள்ளியின் மரபுகளாகவே நிலைத்துவிட்டன. கணித மாணவன் அறையிலேயே அடைந்து கிடந்து வெளிறிப்போக வேண்டும் என்பது அவருக்குச் சிறிதும் பிடிக்காத கருத்து.

அங்கே நடந்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். முப்படிக்கும் நாற்படிக்கும் கூடச் சூத்திரங்கள் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியர் கண்டவை அவை. ஐந்தாம் படிக்கு? நார்வே நாட்டு இளைஞர் ஏபெல், பொதுவான ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு அத்தகைய சூத்திரம் இருக்கவே முடியாது என்று 1824இல் நிரூபித்தார். பல்கலைக்கழக மாணவர்களே திணறும் நிரூபணம் இது. 1963-64 கல்வியாண்டில் அதைப் பள்ளி எண் 18இன் பிள்ளைகளுக்கு நடத்தத் துணிந்தார் விளதீமிர் அர்னோல்ட். அவர் கொல்மகோரவின் மாணவர். அப்போது வயது இருபத்தாறு. புதிய வழி ஒன்றை வகுத்து, சிறு சிறு கணக்குகளாகப் படி அமைத்து, மாணவர்களை ஏற்றிக்கொண்டு போனார். வகுப்பில் இருந்த அலெக்சேயெவ் என்ற மாணவர் பிற்காலத்தில் அந்தப் பாடத்தை ஒரு நூலாக எழுதி 1976இல் வெளியிட்டார். அந்நூலின் பெரும்பகுதி கணக்குகளே. அவற்றைப் போட்டுக்கொண்டே போகும் வாசகர் தாமே ஏபெலின் நிரூபணத்தைச் சென்றடைவார்.

பள்ளியின் தொடக்க ஆண்டில் அங்கே பயின்ற இன்னொருவர் யூரி மத்தியசேவிச். 1947இல் லெனின்கிராடில் பிறந்தவர். 1964இல் மாஸ்கோவில் நடந்த அனைத்துலகக் கணித ஒலிம்பியாடில் பங்கேற்றுப் பரிசு பெற்று, பள்ளியின் இறுதி ஆண்டைத் தாண்டியே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் கையில் எடுத்தது சாதாரணக் கணக்கு அன்று. 1900ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹில்பர்ட் புதிய நூற்றாண்டுக்கென 23 கணக்குகளை முன்வைத்தாரல்லவா? அவற்றில் பத்தாவது அது.

கணக்கு என்னவென்று பாருங்கள். x² − 2y² = 1 என்ற சமன்பாட்டுக்கு முழு எண்களில் விடை உண்டா? x = 3, y = 2 என்று போட்டுப் பாருங்கள்; 9 − 8 = 1. x = 17, y = 12 என்றாலும் சரிவரும். ஆனால் x² + y² = 3 என்பதற்கு முழு எண்களில் விடையே இல்லை. எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும், அதற்கு முழு எண் விடை உண்டா இல்லையா என்று தவறாமல் சொல்லிவிடக்கூடிய ஒரு பொதுமுறை வேண்டும் என்பதே ஹில்பர்ட் கேட்டது. அமெரிக்க அறிஞர்கள் மார்ட்டின் டேவிஸ், ஹிலரி புட்னம், ஜூலியா ராபின்சன் ஆகியோர் பல ஆண்டுகள் உழைத்து, விடைக்கு ஒரே ஒரு படி குறைவான இடம் வரை வந்திருந்தார்கள். மிக வேகமாகப் பெருகும் ஒரு எண் வரிசையைச் சமன்பாடுகளால் பிடித்துக் காட்டிவிட்டால் போதும் என்ற நிலை.

அந்தப் படியை மத்தியசேவிச் 1970 ஜனவரியில் கடந்தார். வயது 22. அவருக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? 1, 1, 2, 3, 5, 8, 13, 21... என்று, முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் ஃபிபனாச்சி வரிசை! பள்ளி மாணவர்களும் படிக்கும் வகையில் வரபியோவ் என்பவர் இவ்வெண்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதியிருந்தார். அதன் விரிவாக்கப்பட்ட மூன்றாம் பதிப்பைப் படித்ததே மத்தியசேவிச்சுக்கு வழி திறந்தது. முடிவு என்ன? ஹில்பர்ட் கேட்ட பொதுமுறை இல்லை, இருக்கவும் முடியாது.

இப்படிப்பட்ட பள்ளிகள் நியாயமானவைதாமா என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். எனக்கும் எழுந்தது. போட்டியில் வென்றவரைத்தானே எடுத்துக்கொள்கிறார்கள்? மெதுவாக, ஆனால் ஆழமாகச் சிந்திக்கும் பிள்ளை என்ன ஆகும்? இந்தக் குறை அப்பள்ளியின் முன்னோடிகளுக்கும் தெரிந்தே இருந்தது. ஒலிம்பியாடு கணக்குக்கு ஐந்து மணி நேரம் போதும், உண்மையான ஆராய்ச்சிக்கோ ஐயாயிரம் மணி நேரம் வேண்டும் என்று கணித அறிஞர் டெலோனே சொல்வதுண்டு. ஐந்து மணி நேரத்தில் தோற்றவர் ஐயாயிரம் மணி நேரத்தில் வெல்லக்கூடும் அல்லவா?

ஆகவே வேறு வாயில்களும் திறக்கப்பட்டன. இஸ்ரவேல் கெல்ஃபான்ட் 1964இல் அஞ்சல்வழிக் கணிதப் பள்ளியைத் தொடங்கினார். கெல்ஃபான்டே பள்ளிப் படிப்பை முடிக்க இயலாமற்போனவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். கிராமத்துப் பிள்ளைக்கு அஞ்சலில் கணக்குகள் வரும். விடைகளை எழுதி அனுப்பினால் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'கூட்டு மாணவர்' என்ற ஏற்பாடு. ஒரு பள்ளியிலுள்ள பல பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, ஒரே மாணவராகப் பதிவு செய்துகொள்ளலாம்! பின்னர் 1970 ஜனவரியில் இயற்பியல் அறிஞர் கிக்கோயினும் கொல்மகோரவும் சேர்ந்து 'குவாந்த்' என்ற மாத இதழைத் தொடங்கினார்கள். மாணவர்களுக்கான அந்த இதழில் கணக்குப் பகுதிக்கு ஒரு தனி இடம் உண்டு. துனோஷ்னாவின் கையெழுத்துப் பத்திரிகை அச்சேறியது என்றே சொல்லலாம்.

கொல்மகோரவ் 1987 அக்டோபர் 20ஆம் நாள் மறைந்தார். பின்னர் அந்த விடுதிப் பள்ளி மாஸ்கோப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகி, அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது.

மத்தியசேவிச் பயன்படுத்திய ஒரு உண்மையை நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். ஃபிபனாச்சி வரிசையில் 4ஆம் எண் 3. அதன் வர்க்கமான 9ஆல் வகுபடும் முதல் எண் எந்த இடத்தில் வருகிறது? 4×3 = 12ஆம் இடத்தில்; அங்கே இருப்பது 144. 5ஆம் எண் 5. அதன் வர்க்கம் 25ஆல் வகுபடும் முதல் எண் 5×5 = 25ஆம் இடத்தில் உள்ள 75,025. 6ஆம் எண் 8. அப்படியானால் 64ஆல் வகுபடும் முதல் எண் 48ஆம் இடத்தில் இருக்க வேண்டும். பெரிய எண்ணாயிற்றே என்று அஞ்ச வேண்டாம். முழு எண்ணையும் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு படியிலும் 64ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் எழுதிக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும். 48ஆம் இடத்தில் மீதி பூஜ்யமாகிறதா, அதற்கு முன் எங்கேனும் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள்.