மோட்டரை மாற்றும் முன்

கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையுடையது. அந்தக் கங்கையின் தலைப்பு மலையகத்தில் இருக்கிறது. நோர்வூட் பக்கத்துக் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியாவின் ஓயாவும் சேர்ந்துதான் களனியாகின்றன. அந்த இரண்டு ஓயாக்களையும் காசல்ரீயிலும் மவுசாகலையிலும் மறித்து, லக்ஷபானவில் 1950இல் தொடங்கிய மின்னிலையத் தொடரை நாடு ஓட்டிவருகிறது. அதே மலைகளில் எத்தனையோ லயங்களில், பெரட்டுக்குப் போகுமுன் ஒரு குடம் நிரப்பப் பெண்கள் காத்துக்கிடக்கிறார்கள்.

குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் தோட்டத்தில் முதலில் எழும் பேச்சு, பெரிய மோட்டர் வேண்டும் என்பதுதான். காசு திரட்டி வாங்கியும் விடுகிறார்கள். தண்ணீர் மட்டும் பழையபடியே வருகிறது. காரணம் பெரும்பாலும் மோட்டரில் இல்லை, குழாயில் இருக்கிறது.

பத்து வீட்டுக்கென்று போட்ட அரை அங்குலக் குழாயிலிருந்து காலப்போக்கில் இருபது வீடுகள் கிளை எடுத்திருக்கும். குழாய் ஒடுங்க ஒடுங்க, தண்ணீர் அதன் சுவரோடு உராய்ந்தே தன் வேகத்தை இழந்துவிடும். அதே உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அரை அங்குலத்துக்குப் பதில் ஒரு அங்குலக் குழாய் போட்டால் வரத்து இரண்டு மடங்காகும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் ஐந்து மடங்குக்கும் மேல் கூடும். மோட்டருக்குக் கொடுக்கும் காசில் குழாயை மாற்றுவது பல லயங்களுக்கு இலாபம்.

அதற்கும் முன்னால் செய்யவேண்டிய சோதனைக்குச் செலவே இல்லை. பீலிக்கரையில் ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரம், லயத்தின் கடைசிக் குழாயில் அதே வாளி நிரம்ப எவ்வளவு நேரம் என்று பார்த்தால் போதும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. ஊற்றுவாயில் சருகு அடைத்த சல்லடையாக இருக்கலாம். மேடு ஏறி இறங்கும் குழாயின் உச்சியில் அடைபட்ட காற்றாகவும் இருக்கலாம். மலைச்சரிவில் இந்தக் காற்று பெரிய வில்லன். மேட்டு முனையில் ஒரு காற்று வால்வு பொருத்தினால், மாதக்கணக்கில் முனகிய குழாய் சீராக ஓடத் தொடங்கும்.

மோட்டர் தேவைப்படும் இடங்களும் உண்டு. தாழ்வான கிணற்றை நம்பியிருக்கும் மேட்டு வீடுகளுக்கு வேறு வழியில்லை. அங்கே நுவரெலியாவுக்கென்றே ஒரு சிக்கல். பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைப் பம்புக்குள் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் தாங்கும் உயரம் 10 மீற்றருக்குச் சற்று மேல். சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிந்திருப்பதால் அது 8 மீற்றர் அளவுக்குக் குறைந்துவிடும். நடைமுறையில் கொழும்பில் 7 மீற்றர் இழுக்கும் பம்பு, இங்கே 5 மீற்றருக்கே திணறும். எத்தனை குதிரைவலு கூட்டினாலும் இந்த எல்லை நகராது. ஆகவே பம்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில், பள்ளத்திலேயே இறக்கி வைத்து மேலே தள்ளவிட வேண்டும். வீட்டுத் திண்ணையில் வைத்து இழுக்கக் கூடாது.

தள்ளிய தண்ணீரை நேரே குழாய்க்கு விடாமல் மேட்டுத் தாங்கியில் சேர்ப்பது நல்லது. தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தாலே, குழாய் போதிய அகலமாயிருந்தால், குளிக்கத் தாராளமாக வரும். நூறு மீற்றர் மேலே வைத்தாலோ அழுத்தம் பத்து மடங்காகி மூட்டுகள் பிய்த்துக்கொள்ளும். இடையில் ஒரு சிறு தொட்டி கட்டி அழுத்தத்தைத் தணிக்க வேண்டும்.

மின்சாரமே கேட்காத பம்பும் ஒன்று உண்டு. பிரான்சின் மொங்கோல்ஃபியே 1796இல் தானியங்கியாக்கிய நீர்த்தள்ளி அது. ஓடும் தண்ணீரைத் திடீரென்று மறித்து, அந்த அதிர்ச்சியின் வேகத்திலேயே அதில் ஒரு பங்கை மேலேற்றும். மூன்று மீற்றர் விழும் ஓடையைக் கொண்டு முப்பது மீற்றர் ஏற்றினால், இருபதில் ஒரு பங்களவு மேலே வரும்; மிச்சம் ஓடைக்கே திரும்பும். இரவு பகலாக ஓடுவதால் அந்தச் சிறு பங்கே விடியும்போது ஒரு தாங்கியை நிரப்பியிருக்கும். அருவிக்குப் பஞ்சமில்லாத மலையகத்துக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் அரிது.

இப்போது இந்தக் கணக்கு அவசரமாகியிருக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, முன்பே ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது தலைமுறைகளின் கனவு. ஆனால் ஒரே வரிசையில் நின்ற லயத்துக்கு ஒரு குழாய் போதும். சரிவெங்கும் பரந்த வீடுகளுக்கு அது போதாது. பழைய தாங்கியைவிட மேட்டில் அமையும் வீட்டுக்குத் தண்ணீர் தானாக ஏறாது. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன்பே தண்ணீர்க் கணக்கைப் போட்டாக வேண்டும், அதுவும் மாசி வரட்சியில். வைகாசி மழையில் அளந்த ஊற்றை நம்பிப் பூட்டிய மோட்டர், மாசி பிறந்ததும் காற்றைத்தான் இழுக்கும்.