இணைப்பு இல்லை, மையப்படுத்தல் உண்டு: மருத்துவக் கவுன்சில்கள் கடந்து வந்த பாதை

புதுதில்லி: மருத்துவர், பல் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோரை ஒழுங்குபடுத்தும் தனித்தனிக் கவுன்சில்களை ஒரே குடையின் கீழ் கொண்டுவரலாமா என்பதை நாடாளுமன்றம் ஒருமுறை விரிவாக ஆராய்ந்தது. கூடாது என்பதே அப்போது கிடைத்த விடை. ஆனால், எந்த அச்சத்தால் அந்த யோசனை கைவிடப்பட்டதோ, அது பின்னர் வேறு வழியில் நடந்தேறிவிட்டது.

2010 ஏப்ரலில் இந்திய மருத்துவக் கவுன்சிலின் அப்போதைய தலைவர் லஞ்சப் புகாரில் சிபிஐயால் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே கவுன்சில் கலைக்கப்பட்டது. அந்தச் சூழலில் உருவானதுதான் சுகாதாரத் துறை மனிதவளத்துக்கான தேசிய ஆணைய மசோதா. 2011 டிசம்பரில் மாநிலங்களவையில் அது அறிமுகப்படுத்தப்பட்டது.

மசோதாவைப் பரிசீலித்த சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, 2012 அக்டோபரில் அறிக்கை அளித்தது. அதிகாரம் மத்தியில் குவியும், மாநிலங்களின் உரிமை பாதிக்கப்படும், அதிகாரிகளின் ஆதிக்கம் ஓங்கும் என்ற ஆட்சேபங்களைக் கருத்தில் கொண்டு, மசோதாவைத் திரும்பப் பெற்றுப் புதிய மசோதா கொண்டுவருமாறு குழு பரிந்துரைத்தது.

மாநிலங்களின் ஆட்சேபத்துக்கு வரலாற்று அடிப்படை உண்டு. சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் 1914-லேயே இயற்றப்பட்டது. அகில இந்திய அளவிலான கவுன்சிலுக்கு வழிவகுத்த சட்டம் வந்ததோ 1933-இல். அரசியல் சட்டத்தில் மருத்துவத் தொழில் பொதுப் பட்டியலில் இருந்தாலும், பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில்தான் உள்ளன.

எனினும், தேர்தல் மூலம் அமையும் கவுன்சில் தோல்வியடைந்துவிட்டது என்ற கருத்து வலுத்தது. 2016 மார்ச்சில் அதே நிலைக்குழு, தேர்தலுக்குப் பதிலாகத் தகுதி அடிப்படையில் ஒழுங்காற்று அமைப்பின் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. அதன் தொடர்ச்சியாக 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. 2021-இல் மருத்துவம் சார்ந்த பிற பணியாளர்களுக்கும், 2023-இல் செவிலியர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் தனித்தனி ஆணையச் சட்டங்கள் வந்தன.

கவுன்சில்கள் இணையவில்லை, தேர்தல்தான் போய்விட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைவரைப் பரிந்துரைக்கும் குழுவுக்கு மத்திய அமைச்சரவைச் செயலர் தலைமை வகிக்கிறார். 33 பேர் கொண்ட ஆணையத்தில், மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் பரிந்துரைப்போருக்கு 10 இடங்கள். மாநில மருத்துவக் கவுன்சில்கள் சார்பில் 9 இடங்கள். இவர்களின் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். 28 மாநிலங்களும் 8 யூனியன் பிரதேசங்களும் முறைவைத்துத்தான் இந்த இடங்களைப் பெற வேண்டும்.

இதனால் நோயாளிக்கு என்ன பயன்? ஒரே மருத்துவமனையில் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகிய மூவரும் தவறிழைத்தால், இன்றும் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். மருத்துவர் மீதான புகாரை முதலில் விசாரிப்பது மாநிலக் கவுன்சில். அதன் முடிவால் பாதிக்கப்பட்டவர் எவரும் மேல்முறையீடு செய்ய முந்தைய விதிமுறைகள் இடமளித்தன. 2019 சட்டத்தின் 30-ஆவது பிரிவோ அந்த உரிமையை மருத்துவருக்கு வழங்குகிறது. புகார் கொடுத்த நோயாளியைப் பற்றி அப்பிரிவு எதுவும் கூறவில்லை.

சட்டம் இயற்றினால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2021 சட்டப்படி மாநிலக் கவுன்சில்களை அமைக்கும் பணி மூன்றாண்டுகள் கழிந்தும் முடிவடையாததால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க நேர்ந்தது.

கவுன்சில்களை இணைப்பதா, பிரித்தே வைப்பதா என்ற விவாதம் மீண்டும் எழக்கூடும். தலைவரை யார் நியமிப்பது என்பதைவிட, பாதிக்கப்பட்டவர் எங்கே முறையிடுவது, அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் அடுத்து எங்கே செல்வது என்பதே அப்போது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இதுவரை நடந்த விவாதங்களில் அது கடைசிக் கேள்வியாகவே இருந்து வந்திருக்கிறது.