இலைக்குள் ஓர் ஏட்டுச்சுவடி

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் அறிந்த நெறி ஒன்றுண்டு. இரு சுவடிகளில் சரியான பாடம் ஒத்திருப்பதால் அவற்றின் உறவு விளங்காது. ஒரே பிழை இரண்டிலும் காணப்படின், இரண்டும் ஒரே தாய்ச்சுவடியின் வழிவந்தவை என்று கருதலாம். தாவரவியலார் பசுங்கணிகத்தின் மரபணு அமைப்பை ஒப்பிடும் முறையும் இதுவே என்பது தமிழ் பயிலும் நமக்கு வியப்பளிக்கின்றது.

பசுங்கணிகம் இலையின் உயிரணுக்களில் ஒளிச்சேர்க்கை நிகழும் நுண்ணுறுப்பு. உட்கருவிலுள்ள மரபுச்செய்தி ஒருபுறமிருக்க, இதற்கெனத் தனியே ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் அது தாய்வழியாகவே வருகின்றது; பல படிகளைக் கலந்தெழுதிய சுவடியின் சிக்கல் இதில் இல்லை! 1986இல் ஜப்பானிய அறிஞர்கள் புகையிலையிலும், மார்க்கான்ஷியா என்னும் பூவாத சிறுசெடியிலும் இதனை முழுமையாகப் படித்தறிந்தனர். முன்னதில் ஏறத்தாழ 1,56,000 வேதியெழுத்துகள், பின்னதில் 1,21,000. இரண்டிலும் ஒரே பகுதி இருமுறை, ஒன்றுக்கொன்று தலைகீழாக அமைந்துள்ளது. பெரும்பாலான தாவரங்களின் பொது அமைப்பும் இதுவே.

பட்டாணியிலும் கொண்டைக்கடலையிலும் அவ்விரு படிகளுள் ஒன்று இல்லை. பாசிப்பயற்றில் இரண்டும் உள. ஆதலின் முன்னிரண்டும் நெருங்கிய உறவின என்பர். ஆயினும் விடுபாட்டை மட்டும் நம்புவதற்கில்லை. கண்தவறி ஒரு வரியை விடுதல் ஏடெழுதுவோர் எவர்க்கும் நேரும். பைன் மரத்திலும் ஒரு படி பெரும்பாலும் அழிந்துள்ளது. அதற்கும் பட்டாணிக்கும் நெருங்கிய உறவேது?

ஏடுகள் சில தலைமாறிக் கோக்கப்படுதல் அத்தகையதன்று. சூரியகாந்திக் குடும்பத்தில் ஏறத்தாழ 22,000 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி, பிற தாவரங்களின் வரிசைக்கு நேர்மாறாகத் திரும்பியுள்ளது. அதே இடத்தில், அதே அளவில் இது இருவேறு செடிகளில் தற்செயலாக நேர்தல் அரிது. 1987இல் ராபர்ட் ஜேன்சன், ஜெஃப்ரி பாமர் ஆகியோர் அக்குடும்பத்தின் பிரிவுகள் அனைத்திலிருந்தும் செடிகளைச் சோதித்தனர். தென்னமெரிக்காவின் பர்னதேசியாவும் அதன் இனச்செடிகளும் மட்டும் புரளாத பழைய வரிசையைக் காத்து நின்றன. பூவமைப்பைக் கொண்டு வேறொரு பிரிவினுள் சிறுகிளையாக வைக்கப்பட்டிருந்தவை அவை. குடும்பம் முதன்முதல் இரண்டாகப் பிரிந்தபோதே தனித்துச் சென்ற கிளை அதுவெனத் தெளிவாயிற்று. 1992இல் அவற்றிற்கெனத் தனி உட்குடும்பமே வகுத்தனர்.