அறுபதாம் படிக்குப் பிறகு

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "அம்மா, இப்ப எழுந்து வர முடியாது" என்று உள்ளறையிலிருந்து குரல் கொடுக்கும் பிள்ளை நம் சங்கக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். அது எங்கே போயிருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற அடியேன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். அமெரிக்காவின் பிளிஸார்டு கம்பெனி 2004 நவம்பரில் வெளியிட்டது. பழைய வடிவமே போதும் என்றவர்களுக்காக 2019 ஆகஸ்டில் 'கிளாசிக்' என்று அதையே திரும்பக் கொண்டுவந்தார்கள். 2024 நவம்பரில், எல்லோரும் முதல் படியிலிருந்து ஏறும்படி புதிய சர்வர்களையும் திறந்தார்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகள் அப்படியொரு சர்வரில் ஒரு குழுவில் இருந்தாள். வாரம் ஒரு போன், "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்பா" என்பதோடு எங்கள் பேச்சு தீர்ந்துவிடும். அதனால் நானும் மாதச் சந்தா கட்டிச் சேர்ந்தேன். "நீங்க பூசாரியா இருங்கப்பா. யாரையும் அடிக்க வேண்டாம், அடிபட்டவங்களுக்கு உயிர் ஏத்தினா போதும்" என்றாள்.

ஒன்றிலிருந்து அறுபதாம் படி வரை ஏற எனக்கு இரண்டரை மாதம் ஆயிற்று. ஓநாய் கொல்வது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, மூலிகை பறிப்பது என்று அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அறுபதுக்கு மேல் அப்போது படி இல்லை. ஆட்டம் முடிந்தது என்று நான் நினைத்த இடத்தில், "இனிமேதான்பா ஆட்டமே" என்றாள் மகள்.

எரிமலைக்குள் இருக்கும் மோல்டன் கோர் என்ற குகைக்கு நாற்பது பேர் வரை சேர்ந்து போகலாம். உள்ளே பத்து தலைவர்கள். கடைசியில் ராக்னரோஸ் என்ற நெருப்பு அரசன். சிலர் முன்னால் நின்று அடி வாங்க வேண்டும், பத்துப் பேர் போல உயிர் ஏற்ற வேண்டும், மீதிப்பேர் தாக்க வேண்டும். அவர்களுக்கு இரவு எட்டு மணி என்றால், குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. "அர்த்த ராத்திரியில பூதத்தோட என்ன சகவாசம்" என்று கேட்டுவிட்டு என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் நாள் என்னை அசத்தியவை நாய்கள். ஐந்து நெருப்பு நாய்கள் கூட்டமாக வரும். ஒன்றைக் கொன்றாலும் மற்றவை உயிரோடு இருந்தால், செத்தது சில விநாடிகளில் எழுந்து நிற்கும். ஐந்தையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாய்க்க வேண்டும். தனி வீரம் இங்கே எடுபடாது. பிறகு பேரன் கெடான் என்றொரு தலைவன். நம்மில் ஒருவரை அவன் வெடிகுண்டாக மாற்றிவிடுவான். அவர் உடனே கூட்டத்தைவிட்டு ஓடித் தனியாக வெடிக்க வேண்டும். எங்கள் ஆள் ஒருவர் பதற்றத்தில் கூட்டத்துக்கு நடுவே ஓடிவந்தார். விளைவைச் சொல்ல வேண்டாம். ஆவியாக இடுகாட்டிலிருந்து குகைக்கு நடந்து வரும்போது ஒருவரும் அவரைத் திட்டவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

ஆனால் கணக்கனுக்குச் சண்டையைவிடப் பங்கீடுதான் சுவாரசியம். ஒரு தலைவன் விழுந்தால் கிடைப்பது சில பொருள்கள், நிற்பது நாற்பது பேர். எப்படிப் பிரிப்பது? நம்மூர்ச் சீட்டு தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒன்று முதல் நூறுக்குள் எண் விழவைத்துப் பெரிய எண்ணுக்குக் கொடுப்பது குலுக்கல் சீட்டு. விளையாட்டுத் தங்கத்தை வைத்து ஏலம் கேட்பது ஏலச்சீட்டு. வெளியே நிஜப் பணத்துக்குத் தங்கம் வாங்கி வந்து ஏலம் எடுப்பவர்கள் பெருகியதால், இந்தப் புதிய சர்வர்களில் கம்பெனியே அதற்குத் தடை போட்டது. மூன்றாவது, வந்த நாள்களுக்கு மதிப்பெண் போட்டு வரவு வைத்து, பொருள் வாங்கும்போது கழிப்பது. இது 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் ஆட்டத்தில் டிராகன் வேட்டைக்காரர்கள் உண்டாக்கிய முறை. எங்கள் குழுவில் சாதாரணப் பொருளுக்குக் குலுக்கல், அரிய பொருளுக்கு வருகைப் பதிவேடு. பதிவேட்டை வைத்திருந்தவள் என் மகள்.

நான் போன மூன்றாவது வாரம், மேஜர்டோமோவின் பெட்டியில் 'தெய்வக் கண்' என்ற பொருள் வந்தது. பூசாரிக்கு மட்டும் உதவும். அதிலிருந்துதான் அவனுடைய பெருமைக்குரிய தண்டத்தைச் செய்ய முடியும். கேட்டவர்கள் இருவர்: நானும், போலந்துக்காரப் பெண் ஒருத்தியும். மகள் மைக்கில் இரண்டு எண்களை மட்டும் படித்தாள். அந்தப் பெண் பதினொரு வாரம், நான் மூன்று வாரம். கண் அவளுக்குப் போயிற்று. ஒரு நிமிடம் கழித்து என் திரையில் மட்டும் ஒரு வரி வந்தது: "அப்பா, கோவிச்சுக்காதீங்க." கோபம் இல்லை என்றால் பொய். ஆனால் சொந்தக்காரர்களின் கடன் மனுவை நான் திருப்பி அனுப்பியபோது, இவள் பள்ளிச் சீருடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததுண்டு.

குறையும் சொல்ல வேண்டும். ஒரு இரவுச் சண்டைக்கு வேண்டிய மருந்துகளுக்கு மூலிகை சேர்க்கவே பல மணி நேரம் போகிறது. சந்தா கட்டிவிட்டுக் கூலியில்லாமல் வேலை பார்ப்பது போலத்தான். ஐரோப்பாவில் புதன்கிழமை வந்தால் கொன்றவர்கள் எல்லோரும் மறுபடி உயிரோடு நிற்பார்கள். திரும்பத் திரும்ப வரவழைக்கவே இந்த ஏற்பாடு. 2005 ஏப்ரலில் ராக்னரோஸை முதன்முதலாக வீழ்த்தியபோது ஆட்டம் வெளியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2019-இல் ஒரே வாரத்துக்குள் முடித்துவிட்டார்கள். எதிரியைப் பற்றி எல்லாம் எழுதி வைக்கப்பட்டுவிட்டது. புதிராக மிஞ்சியது உடன் வரும் மனிதர்கள்தான். இன்னொன்று, இதில் பாதியில் நிறுத்தி வைக்கும் வசதியே கிடையாது. "எழுந்து வர முடியாது" என்று பிள்ளை சொல்வது நிஜம். எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அப்போது தோசை வார்ப்பதே நல்லது.

நான்காம் வாரம் ராக்னரோஸ் விழுந்தான். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சில நாள் கழித்து அந்தப் போலந்துப் பெண்ணின் தண்டத்துக்கான சோதனையைப் பார்க்கப் போனோம். பிளேக் பரவிய ஒரு நிலம். ஊரைவிட்டு ஓடிவரும் குடியானவர்களை எலும்புக்கூடுகள் அம்பெய்து கொல்லும். பூசாரி தன்னந்தனியாக ஐம்பது பேரைக் காப்பாற்ற வேண்டும். பதினைந்து பேர் செத்தால் தோல்வி. வேறு யாராவது கைகொடுத்தால் ஆட்டமே ஒருவனை அனுப்பி எல்லோரையும் தீர்த்துவிடும். அதனால் தள்ளி, ஒரு மேட்டில் நின்றோம். என் பக்கத்தில் மகளின் வீராங்கனை நின்றாள். நாற்பதாவது ஆள் கடந்தபோது மணி இரண்டு. "உங்களுக்குத் தூக்கம் வரலையாப்பா?" என்றாள். இல்லை என்றேன். இன்னும் பத்துப் பேர் வர வேண்டியிருந்தது.