சூடான பானமும் அதை ஏந்தும் பாத்திரமும்

வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்குத் தேநீர் வாங்கச் செல்லும் உறவினர் பெரும்பாலும் வெறுங்கையுடன்தான் செல்கிறார். கடைக்காரர் கொதிக்கும் தேநீரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, நூலால் முடிச்சிட்டு, இரண்டு காகிதக் கப்புகளையும் சேர்த்துக் கொடுக்கிறார். திருக்கோகர்ணத்திலும் இது புதிய காட்சியன்று. பிளாஸ்டிக் பைகள், பிளாஸ்டிக் தேநீர்க் கப்புகள், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புகள் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. ஆயினும் பார்சல் தேநீர் நின்றபாடில்லை.

காகிதக் கப்பு தீங்கற்றது என்று பலர் எண்ணுகின்றனர். காகிதம் நனைந்து ஒழுகாமல் இருப்பதற்காக அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கும். காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டு இதனைச் சோதித்தனர். 100 மில்லி சூடான நீரைக் கப்பில் 15 நிமிடம் வைத்தபோது ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அந்நீரில் கலந்திருந்தன. இத்துகள்கள் உடலுக்குள் சென்று எவ்வளவு தீங்கு செய்கின்றன என்பது ஆராயப்பட்டு வருகிறது. அச்சமூட்டுவது நம் நோக்கமன்று. ஆனால் எளிதில் தவிர்க்கக்கூடியதை நோயுற்ற உடலுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

சூடு, புளிப்பு, கொழுப்பு, நெடுநேரம் வைத்திருத்தல் ஆகிய நான்கும் பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருள்கள் கசிவதை மிகுவிக்கும். ஆகவே கொதிக்கும் பால், ரசம், கஞ்சி, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றில்தான் முதலில் கவனம் தேவை. வெயிலில் நிற்கும் வாகனத்தில் கிடந்த தண்ணீர்ப் பாட்டிலையும், ஒருமுறை பயன்பாட்டுக்குரிய பாட்டிலை மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் நிரப்புவதையும் விலக்குவது நன்று.

கண்ணாடி உணவுடன் எளிதில் வினைபுரியாது. புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டை அகழாய்வில் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் அவை மணிகளாகவே இருந்தன. கண்ணாடியில் மணம் தங்குவதில்லை. பிளாஸ்டிக்கைப் போல எளிதில் கீறல் விழாததால் அழுக்குப் படிய இடமில்லை. எனினும் குறையே இல்லை என்று கூற இயலாது. பிரான்சு நாட்டின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2025இல் வெளியிட்ட ஆய்வு, கண்ணாடிப் பாட்டில்களில் அடைக்கப்பட்ட பானங்களிலும் நுண்பிளாஸ்டிக் இருப்பதைக் காட்டியது. அது பெரும்பாலும் உலோக மூடியின் வெளிப்புற வண்ணப்பூச்சிலிருந்து வந்தது. எனவே வீட்டில் பழைய பாட்டிலைப் பயன்படுத்துவோர் வண்ணம் உரிந்த மூடியை மாற்றிவிடுவது நல்லது.

சாதாரணக் கண்ணாடி திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலில் வெந்நீர் ஊற்றாதீர்கள். சூடான பானத்தை ஊற்றுமுன் டம்ளரில் ஓர் எவர்சில்வர் கரண்டியை இட்டுச் சிறிது சிறிதாக ஊற்றினால் விரிசல் விழும் வாய்ப்புக் குறையும். விளிம்பு உடைந்த டம்ளரை அன்றே அப்புறப்படுத்துங்கள்.

சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உடையோருக்கு ஒரு நாளைக்குரிய நீரின் அளவை மருத்துவர் வரையறுப்பதுண்டு. அவர்களுக்குக் கண்ணாடிப் பாட்டில் வேறொரு வகையிலும் உதவும். அனுமதிக்கப்பட்ட அளவு நீரைக் காலையில் அதில் நிரப்பி வையுங்கள். தேநீரோ கஞ்சியோ குடித்தால், அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதம் எவ்வளவு என்பது நோயாளிக்கும் உடனிருப்போருக்கும் கண்ணெதிரே தெரியும்.

கை நடுக்கமுள்ளோர், நினைவுத் தடுமாற்றம் உடையோர், சிறு குழந்தைகள் ஆகியோரின் கட்டிலருகே கண்ணாடி வேண்டாம். உடைந்த சில்லு பிளாஸ்டிக்கை விட உடனடியான ஆபத்து. அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரே ஏற்றது. மருத்துவர் புட்டிப்பாலோ பிழிந்தெடுத்த தாய்ப்பாலோ தரச் சொன்ன பச்சிளங்குழந்தைக்கு, கொதிநீரில் சுத்தம் செய்த எவர்சில்வர் பாலாடை போதும்.

மருத்துவமனைக்குப் புறப்படும்போது மாற்றுடையுடன் மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்றையும் ஒரு டம்ளரையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கை நீட்டினால் அதில் தேநீர் ஊற்றித் தரக் கடைக்காரர் தயங்குவதில்லை.