நீர் வடியும் வறண்ட கண்

என் பாட்டி எந்நேரமும் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். காலமான தாத்தாவை நினைத்து அழுகிறார்கள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். சென்ற கோடை விடுமுறையில் சிதம்பரத்தில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் சோதித்துவிட்டு, "பாட்டிக்குக் கண் வறண்டிருக்கிறது" என்றார். நீர் வழியும் கண்ணைப் போய் வறண்டது என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முறைத்தார்கள்.

சிரித்தது என் அறியாமையே. நம் கண்ணின்மேல் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று எப்போதும் பரவியிருக்கிறது. அதில் நீர் மட்டுமல்ல, நீரைக் கண்ணோடு ஒட்டவைக்கும் வழவழப்பான பொருளும், ஆவியாகாமல் மூடிக் காக்கும் எண்ணெயும் உண்டு. இமையோரத்துச் சிறு சுரப்பிகள் இந்த எண்ணெயைத் தருகின்றன. எண்ணெய் குறைந்தால், கோடையில் நம் வீராணம் ஏரி வற்றுவதுபோலக் கண்ணின் ஈரமும் விரைவில் வற்றிவிடும். உறுத்தல் தாங்காமல் கண் அவசரமாக நீரைக் கொட்டும். அந்நீரோ கண்ணில் நில்லாமல் கன்னத்தில் வழிந்துவிடும். பாட்டியின் 'அழுகை'க்குக் காரணம் இதுதான்!

முதுமை, அடுப்புப் புகை, மின்விசிறிக் காற்று, அறுவடைத் தூசி ஆகியவை வறட்சியைக் கூட்டும். மாணவியராகிய நமக்கு வேறொரு காரணமும் உண்டு. நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கும் நாம், புத்தகத்தையோ கைப்பேசியையோ உற்றுப் பார்க்கையில் இமைக்க மறந்துவிடுகிறோம். இடையிடையே தூரத்தில் பார்த்து, நன்றாக இமைத்தாலே பாதி உறுத்தல் போகும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை, பொறுக்கும் சூட்டில் மூடிய இமைமேல் வைத்தால் அடைபட்ட எண்ணெய் இளகும். விளக்கெண்ணெய், தாய்ப்பால் விடும் வழக்கம் கண்ணில் கிருமியைச் சேர்க்கக்கூடும். கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் ஆபத்து. சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. நாள்பட விட்டால் கண்புரையே வரலாம். பாட்டி இப்போது மருத்துவர் எழுதிக்கொடுத்த செயற்கைக் கண்ணீரை விட்டுக்கொள்கிறார்கள். புனித லூசியம்மாளை வேண்டிக்கொள்வதையும் விடவில்லை.

ஆனால் சின்னஞ்சிறு குழந்தையின் கண் வறண்டால் அது வைட்டமின் 'ஏ' குறைவாக இருக்கலாம். விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை தட்டைத் தடவும், இதுவே மாலைக்கண். பிறகு விழி வெண்மையில் நுரைபோன்ற புள்ளி தோன்றும். அதையும் கவனியாவிட்டால் கருவிழி இளகிப் பார்வை என்றென்றைக்கும் போய்விடும். கண் மட்டுமன்றி நுரையீரல், குடல் இவற்றின் உட்சவ்வும் கெடுவதால் நோய்கள் எளிதில் தாக்கும். அந்நாளைய நம் தென்னாற்காட்டின் அண்டை மாவட்டமான திருச்சியில், மதுரை அரவிந்த் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தார்கள். வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் 'ஏ' பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்தது என்று 1990-இல் வெளியிட்டார்கள். ஒரு சொட்டு மருந்துக்கு இத்தனை வலிமையா!

முருங்கைக் கீரையிலும் இச்சத்து கிடைக்கிறது. சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால்தான் உடலில் நன்கு சேரும். எங்கள் தெருவில் வேலிதோறும் முருங்கைதான். ஆடு தின்றதுபோக மிச்சத்தையே நாம் தின்கிறோம்! 9 மாதம் முதல் 5 வயதுவரை ஆறு மாதத்திற்கொருமுறை இந்த மருந்தை அரசு இலவசமாகவே தருகிறது. இதைப் படித்ததும் பக்கத்து வீட்டுப் பாப்பாவின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு தவணை விடுபட்டிருந்தது. வரும் புதன்கிழமை அவளை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துப் போகிறோம்.