சுழலும் வட்டத்தின் முன்னே

ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர், முடிவை அலைபேசியிலேயே பார்த்துக்கொள்ளும் காலம் இது. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டவுடன் திரையில் ஒரு வட்டம் சுழலத் தொடங்குகிறது. பத்து நொடி, இருபது நொடி, அரை நிமிடம். வேறு நாளாயின் அது வெறும் தாமதம். திசுப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கோ அந்த அரை நிமிடம் ஓர் இரவைப் போல நீள்கிறது.

"கெட்ட செய்தி என்பதால்தான் திறக்கவில்லையோ?" என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. அவ்வாறு அன்று. பக்கம் தாமதமாவதற்கும் முடிவின் தன்மைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

தாமதம் எங்கிருந்து வருகிறது?

எழுத்தாலான ஆய்வக அறிக்கை அளவில் மிகச் சிறியது. ஸ்கேன் படங்களின் நிலை வேறு. சி.டி. ஸ்கேனின் ஒரு குறுக்குவெட்டுப் படத்தில் வழக்கமாக 512 வரிசைகளும் 512 நிரல்களுமாகப் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் 2 பைட் எனக் கொண்டால், ஒரு படம் ஏறத்தாழ அரை மெகாபைட். 300 படங்கள் கொண்ட ஸ்கேன், சுருக்கப்படாத நிலையில், 150 மெகாபைட்டை எட்டிவிடும். அலைபேசிக் கோபுரத்தின் நெரிசல், வீட்டின் வலுவற்ற சிக்னல் ஆகியவையும் சேரும்போது காத்திருப்பு மேலும் நீள்கிறது. ஆகவே, எழுத்தறிக்கையை முதலில் திறந்து, படங்களைப் பின்னர் பார்ப்பது நலம்.

மனம் போடும் கணக்கு

கணினித் திரைமுன் மனிதர் எவ்வளவு பொறுப்பர் என்பதை 1993இல் யாக்கோப் நீல்சன் தம் நூலில் மூன்று எல்லைகளாக வகுத்துரைத்தார். 0.1 நொடிக்குள் விடை வந்தால் உடனடி எனத் தோன்றும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறிடம் செல்லும். அப்போது பணி எந்த அளவில் உள்ளது என்று காட்டியாக வேண்டும்.

வரிசையில் காத்திருப்போரின் உளவியலை 1985இல் ஆராய்ந்து எழுதிய டேவிட் மெய்ஸ்டர், அச்சம் காத்திருப்பை நீளச் செய்கிறது என்றார். காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், முடிவு தெரியாத காத்திருப்பும் நெடியனவாகத் தோன்றும் என்றும் அவர் குறித்தார். அறுவை அரங்கின் வாயிலில் அமர்ந்தவர்கள் இதை நன்கு அறிவார்கள். செவிலியர் வெளியே வந்து, "தையல் போடுகிறார்கள், இன்னும் அரை மணி நேரம் ஆகும்" என்று சொன்னால் கடிகாரம் வேகமாக ஓடுவதில்லை. ஆயினும் மனம் சற்று இளைப்பாறுகிறது. திரையில் தோன்றும் ஒரு வரிச் செய்தியும் அந்தச் செவிலியரின் பணியையே செய்கிறது.

வட்டம் சொல்லாதது

சுழலும் வட்டம் ஓர் அசைவுப் படமே. இணைப்பு அறுந்த பின்னும் அது சுழன்றுகொண்டிருக்கக்கூடும். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளாலும் எழுத்தில்லாத அவ்வட்டத்தை விளக்க இயலாது. எங்கள் பக்கத்திலும் நெடுநாள் அவ்வட்டம் மட்டுமே இருந்தது. அது எங்கள் குறையே. இப்போது அவ்விடத்தில், "உங்கள் அறிக்கை வந்துகொண்டிருக்கிறது. படங்கள் இருப்பதால் ஒரு நிமிடம் ஆகலாம். பக்கத்தை மூட வேண்டாம்" என்ற வரிகள் தோன்றும். இயலாது போனால், "இப்போது திறக்க முடியவில்லை. உங்கள் அறிக்கை பத்திரமாக உள்ளது" என்று வெளிப்படையாகவே சொல்லும்.

பணம் செலுத்தும் வேளையில்

பொறுமை இழந்தால் கைப்பொருளும் இழக்க நேரும் இடம் இது. பக்கம் நின்றுவிட்டதென எண்ணி மீண்டும் பொத்தானை அழுத்தினால், ஒரே கட்டணம் இருமுறை சென்றுவிடலாம். முதலில் வங்கியின் குறுஞ்செய்தியையோ கணக்கு விவரத்தையோ பாருங்கள். கணக்கில் பணம் கழிந்தும் பெறுநருக்கு உறுதி வராத இணையவழி அட்டை, யு.பி.ஐ. கட்டணங்களுக்கு, 5 நாட்களுக்குள் தொகை தானே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதி. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவில் கொள்க

• ஒரு நிமிடத்துக்கு மேலும் பக்கம் அசையாதிருந்தால், சிக்னலைச் சரிபார்த்து ஒருமுறை மட்டும் மீண்டும் திறக்கவும். கட்டணப் பக்கத்தில் இவ்வாறு செய்ய வேண்டாம்.
• அப்போதும் திறக்காவிடில் அறிக்கைப் பிரிவை அணுகி அச்சுப்படி பெறலாம்.
• முடிவைத் தனியே பார்க்க அஞ்சுபவர், மருத்துவரைச் சந்திக்கும் நாளில் அவர் முன்னிலையிலேயே பார்க்கலாம்.
• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி போன்றவை இருந்தால் எந்தத் திரைக்காகவும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு உடனே வாருங்கள்.

காத்திருப்பை முற்றிலும் நீக்க எங்களால் இயலாது. எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல இயலும். அது எங்கள் கடமை.